தலைப்பாகைக்குத்தான் வேலை அதிகம்

செப்புத் தகட்டில் வளைகோடு வெட்டும்போது ஓடுவது உளி இல்லை, தகடு. மணல் அடைத்த தோல்பையின் மேல் தகட்டை வைத்து இடக்கையால் திருப்பிக்கொண்டே போக வேண்டும்; வலக்கை முன்னே தள்ளினால் போதும். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். பிசிறைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அடுத்த கோடு. மலேசியாவின் தானா ராத்தாவில் மோதிரத்துக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் பேர் வெட்டியே காலம் தள்ளிய பத்தர் தாத்தாவிடம் நான் படித்த முதல் பாடம் இது. இரண்டாவது பாடத்துக்குச் சட்டைப் பையிலிருந்து நூறு வெள்ளி நோட்டை எடுத்தார், கூடவே லென்ஸையும் நீட்டினார்.

"முகத்த விடு பாப்பா. தலையில கட்டியிருக்கிறதப் பாரு."

நோட்டில் இருப்பவர் நாட்டின் முதல் மாமன்னர், நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். கன்னத்தில் புள்ளிகளும் மயிரிழைக் கோடுகளும்தான். அங்கே துளி பிசகினாலும் பார்க்கிற கண் கண்டுபிடித்துவிடும். கள்ளநோட்டு அடிப்பவனுக்கு அதுவே இடைஞ்சல். தலையில் கட்டிய தெங்கோலோக்கில்தான் கோடுகள் நெருங்கி, வளைந்து, மடிப்புக்கு மடிப்பு திசை மாறுகின்றன. நெற்றிக்கு மேலே பிறையும் நட்சத்திரமும். கட்டைவிரலால் தடவினால் மேடு தட்டுகிறது: தகட்டில் பள்ளம் எவ்வளவோ, தாளில் மை அவ்வளவு ஏறி நிற்கும்.

அவர் 1960இலேயே காலமானார். பேங்க் நெகாரா தன் முதல் நோட்டுகளை வெளியிட்டது 1967இல். அப்போது அரியணையில் இருந்தவர் திரெங்கானு சுல்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னர் மாறுகிறார், நோட்டில் இருப்பவர் மாறுவதில்லை. அங்கே அச்சாகியிருப்பது ஆள் இல்லை, பதவி என்பது தாத்தாவின் கட்சி.

ஆளை விட்டுப் பதவியைப் பார்ப்பது தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் புதிதல்ல. 1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், துரை என்றால் தொப்பி, கங்காணி என்றால் கோட்டும் தலைப்பாகையும். சில ஆண்டுகளில் சம்பள நோட்டில் ஐந்தாம் ஜார்ஜ் வந்தார். ஜப்பான்காரன் வந்ததும் ராஜா தலை போய், பத்து வெள்ளியில் வாழை மரம் வந்தது. போருக்குப் பிறகு ஆறாம் ஜார்ஜ், பிறகு எலிசபெத். 1959இல் வந்த ஒரு வெள்ளியில் பாய்மரக் கப்பல், 1961இன் பத்து வெள்ளியில் எருமை பூட்டிய உழவர். மலாயா, சிங்கப்பூர், பிரிட்டிஷ் போர்னியோ எல்லாவற்றுக்கும் பொதுவான நோட்டு அது. யார் தலையைப் போட்டாலும் மற்றவருக்கு உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது நான் வெட்டிக்கொண்டிருப்பது என் பாட்டியை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அறுக்காமலிருக்க மடித்துப் போட்ட துணிக்கு, தெங்கோலோக்கின் அதே கோடுகளை எடுத்துக்கொண்டேன். கயிறு அழுத்தும் இடத்தில் மட்டும் குறுக்குக்கோடு இரட்டை. அதில் தாத்தாவுக்குத் திருப்திதான். தகராறு முகத்தில். "அங்க கோட்டக் கொற, கௌரவமா இருக்கும்" என்கிறார். ராஜாவுக்குச் சுருக்கம் இல்லாமல் வெட்டலாம், பதவி பேசிக்கொள்ளும். பாட்டிக்கு ஏது பதவி? நான் குறைக்கப் போவதில்லை. கண்ணோரச் சுருக்கத்துக்கு இதைவிட மெல்லிய உளி வேண்டும். அதைத் தீட்டித் தர மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.