எல்லைச் சுவருக்குக் கீழே

எங்கள் பகுதியில் பெண்பிள்ளை பிறந்தால் அன்றே பெற்றோரின் தலையில் ஒரு வீடும் ஏறிவிடுகிறது. கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உம்மாவின் வளவு மகள்மாருக்கு, அவர்களின் வளவு அவர்களின் மகள்மாருக்கு. பரம்பரைகள் பெருகும், பேர்ச் பெருகாது.

எங்கள் உம்மாவின் வளவு 24 பேர்ச். 54 அடி அகலம், ஏறத்தாழ 120 அடி நீளம். அதை நீளவாக்கில் இரண்டாக்கி எனக்கும் ராத்தாவுக்கும் உறுதி முடித்துத் தந்தார். ஆளுக்கு 12 பேர்ச், 27 அடி அகலம். என் பங்கின் பின்பாதி 6 பேர்ச்சில் 2009இல் என் மகளுக்கு வீடு கட்டினேன். வீடு கட்டும் காணித் துண்டு பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த விதிக்கு ஓர் அங்குலமும் பிசகாமல் நடந்தோம் என்று அப்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

பிளான் கீற வந்த தம்பி நல்ல பிள்ளை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்றார். என் கிணறு வளவின் முன்பக்கம். குழியைப் பின்மூலையில் வைத்தால் தூரம் தாராளமாக வந்தது. பிறகு அவர் கேட்டார்:

"டீச்சர், பக்கத்து வளவுல கிணறு இரிக்கா?"

"அது எங்கட ராத்தாட வளவு தம்பி. அதை ஏன் இதுல கீறுவான்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். ராத்தாவின் கிணறு சுவருக்கு அப்பால், அந்தப் பின்மூலையிலிருந்து 18 அடியில் இருந்தது. 27 அடி அகல வளவில் பக்கவாட்டில் 50 அடி எங்கிருந்து கிடைக்கும்? கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பரிசோதிக்க வந்த அதிகாரி பிளானைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கையொப்பமிட்டார். தாளில் இல்லாத கிணற்றை அவர் எப்படிக் காண்பார்?

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். எங்கள் ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திடல். மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதைத்தான் நாங்கள் கிணறு என்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு, உப்பேறிய கிணறுகளை மோட்டர் வைத்து இறைத்து இறைத்துக் கீழிருந்த உப்பையும் மேலே கொண்டுவந்தோம். அளவுக்கு மிஞ்சி இறைக்காதீர்கள், மழை பெய்து தானாகத் தெளியட்டும் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். வளவுகள் பலவானாலும் அடியில் இருப்பது ஒரே தண்ணீர்தான் என்று அன்றே விளங்கியிருந்தது. விளங்கியதை வகுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குழி என்றும் சும்மா சொல்லிவிடுகிறோம். முறையான தொட்டி இரண்டு அறைகள் கொண்டது. அடியும் பக்கமும் சீமெந்தால் அடைபட்டிருக்கும். கசடு அடியில் தங்க, தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். நாங்கள் வைத்தது அடியில்லாத நாலு கொட்டு. கிணற்றுக்கு இறக்கும் அதே கொட்டுத்தான். "மணல் தரை, குழி நிரம்பவே நிரம்பாது" என்று மேசன் சொன்னதை நல்ல செய்தியாகக் கேட்டுக்கொண்டேன். நிரம்பாத குழி எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளம் அதற்கு விடை சொன்னது. நாங்கள் கிரவல் போட்டு இரண்டடி உயர்த்திக் கட்டியிருந்தோம். முன்னர் எங்கள் கோடிப்பக்கத்தால் வடிந்த மழைநீர் ராத்தாவின் வாசலில் தேங்கியது. குழியும் கிணறும் ஒரே மட்டத்தில் நின்றன. தண்ணீர் வற்றியபின் ராத்தாவின் பேரனுக்கு வயிற்றோட்டம், நாலு நாள் ஆஸ்பத்திரி. கிணற்று நீரைப் பரிசோதித்தபோது மலக் கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது. குளோரின் போட்டார்கள், கொதிக்கவைத்துக் குடித்தார்கள். கொதித்தால் கிருமி சாகும். கழிவிலிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்கும் நைத்திரேற்று எவ்வளவு கொதித்தாலும் போகாது. அதையும் நான் படிப்பித்திருக்கிறேன்.

ராத்தா ஒருநாள் சுவரடியில் நின்று கேட்டார்: "புள்ள, ஒங்கட குழி எந்தப் பக்கம் இரிக்கி?"

"கோடிப்பக்கம்" என்றேன். பொய்யில்லை. அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்னர் உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வந்தது. ராத்தா கிணற்றின்மேல் சிலாப் போட்டு மூடினார். அன்று எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. கிணற்றை மூடியதும் குற்றத்தையும் மூடியாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் குழாய் வந்தபின் தண்ணீர்ச் செலவு கூடிற்று. வாளியால் ஊற்றிய இடத்தில் ஃபிளஷ், ஷவர், வோஷிங் மெஷின். வந்த தண்ணீர் அவ்வளவும் எங்கோ போகத்தானே வேண்டும்? தண்ணீர் இணைப்புக்கு வரிசையில் நின்ற நாங்கள் எவரும் கழிவுநீருக்கு வழி கேட்கவில்லை. கொழும்பில் நூறு வருடத்துக்கு முன்பே நிலத்தடியில் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். நாட்டின் மிகப் பெரும்பாலான வீடுகள் இன்றும் குழியைத்தான் நம்பியிருக்கின்றன. உம்மாவின் 24 பேர்ச்சில் இப்போது ஐந்து வீடுகள், ஐந்து குழிகள். ராத்தாவின் கடைசி மகளுடைய குழி நிரம்பி வழிந்தபோது கலி பவுசர் வந்தது. ஆறடி ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் திரும்பிப் போனது.

அன்றிரவு ராத்தாவிடம் போனேன். பிளானில் அவர் கிணற்றை விட்டுவிட்டதைச் சொன்னேன்.

"குழி தோண்டக்குள்ள மாடியில நிண்டு பார்த்த நான்தான்" என்றார். "நீ டீச்சர். எல்லாம் யோசிச்சித்தான் வெப்பாய் எண்டு நினைச்சன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்து வீட்டுக்கும் பொதுவாக, பவுசர் வந்து நிற்கக்கூடிய தெருவோரத்தில், அடி அடைத்த இரண்டறைத் தொட்டி கட்டினோம். இடம் ராத்தாவின் முன்வாசல். அவரே தந்தார். செலவில் பெரும்பங்கு என்னுடையது. இம்முறை பிளானில் சுற்றிவரவுள்ள எல்லாக் கிணறுகளையும் கீறுவித்தேன், மூடிக் கிடக்கும் ராத்தாவின் கிணறு உட்பட.

இதுவும் முழுத் தீர்வல்ல. தெளிந்த நீர் இன்னும் மணலுக்குள்தான் போகிறது, முன்னரைவிட எட்டத்தில். ஊருக்கென்று கழிவுநீர்க் குழாய் வரும்வரை செய்யக்கூடியது இவ்வளவுதான். பிளானில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, பக்கத்து வளவில் என்ன இருக்கிறது என்பது. அந்தத் தம்பி அதைக் கேட்டார். பதில் சொல்லவேண்டியவள் நான்தான்.

என் பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவளுக்கும் இந்த வளவிலேயே ஒரு வீடு என்று மகள் பேச்செடுக்கிறாள். 6 பேர்ச்சில் பாதி 3 பேர்ச். உறுதி எழுதாமலும் எழுப்பிவிடலாம், மேலே ஒரு மாடி போட்டால் போதும் என்கிறார் மருமகன். மேலே இடம் இருக்கிறதுதான். கீழே இருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.