ஒரு செடியின் பாகப்பிரிவினை

ஹோஸ்டா என்ற செடியை நம் ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். குளிர்காலத்தில் இலையெல்லாம் மடிந்து, மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மறுபடி முளைக்கிற ஜாதி அது. அந்த உறக்கத்துக்கு வேண்டிய குளிர் புதுச்சேரியில் ஏது? பிரான்சில் நிழல் விழும் தோட்டங்களில் தாராளமாக வளர்கிறது. பிரெஞ்சில் எச் எழுத்துக்கு ஓசை இல்லை என்பதால் அங்கே அது 'ஓஸ்தா'. வயதானவர்கள் இன்னும் 'ஃபூன்கியா' என்ற பழைய பெயரைச் சொல்வார்கள். பூர்வீகம் ஜப்பான், சீனா, கொரியா. ஹோஸ்ட் என்ற ஆஸ்திரிய தாவர அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என் மகள் நார்மண்டியில் குடியிருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். போன வருடம் என் சம்பந்தி அம்மாள் காலமானார். பிள்ளைகள் இருவர். வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. தட்டுமுட்டுச் சாமான்களைப் பிரித்ததிலேயே அண்ணன் தம்பிக்குள் முகம் கறுத்துவிட்டது. கடைசியாக மிஞ்சியது வடக்குச் சுவரோரம் நின்ற ஹோஸ்டா. அம்மா நட்டு இருபது வருடத்துக்கு மேல், நாலடி அகலத்துக்குத் தூர் கட்டிப் பரந்திருந்தது. இருவருமே வேண்டும் என்றார்கள்.

"அப்பா, நீங்கள்தானே காலமெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினீர்கள், இதையும் பிரித்துக் கொடுங்கள்" என்றாள் மகள்.

முதல் வேலை காகிதம். வேரோடு நிலத்தில் நிற்பது நிலத்தைச் சேர்ந்தது. வீட்டை விற்றால் செடியும் அதோடு போய்விடும். அதனால் வாங்குகிறவரிடம் சொல்லி, செடியை எடுத்துக்கொள்வோம் என்று நொத்தேர் மூலம் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை.

அடுத்தது காலம். பிப்ரவரியிலேயே தோண்டிவிடலாம் என்று இருவரும் துடித்தார்கள். வேண்டாம் என்றேன். முளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெட்டினால் எந்தத் துண்டில் உயிர் இருக்கிறதென்று எப்படிக் கண்டுகொள்வது? மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ முளைகள் கூம்பு கூம்பாக ஓரிரு அங்குலம் தலைநீட்டும். இலை விரியாத அந்தச் சமயம்தான் நல்லது. அதைத் தவறவிட்டால் செப்டம்பர். உறைபனி விழுவதற்குள் வேர் பிடிக்க ஒரு மாதமாவது வேண்டும். நடுக்கோடையில் தொடக்கூடாது. அகல இலைகள் நீரை இழந்துகொண்டே இருக்கும், அறுபட்ட வேரால் ஈடுகொடுக்க முடியாது.

எல்லா ஹோஸ்டாவையும் பிரித்தே ஆகவேண்டும் என்றில்லை. நன்றாக இருந்தால் பல வருடம் அப்படியே விடலாம். நடுவில் பட்டுப்போய் வளையம் போல் ஓரத்தில் மட்டும் முளைத்தாலோ, நெருக்கத்தில் இலை சிறுத்தாலோ பிரிக்கலாம். எங்கள் செடியில் நடுப்பகுதி வெறுமையாகத்தான் கிடந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. தூரைச் சுற்றி ஓரடி தள்ளிப் பள்ளம் எடுத்து, அடியில் மண்வெட்டி கொடுத்து நெம்பினார்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதுவரை பேசாதிருந்தவர்கள் 'இந்தப் பக்கம் பிடி', 'மெல்ல' என்று பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. தார்ப்பாயில் வைத்துக் குழாய்த் தண்ணீரால் மண்ணைக் கழுவினோம். முளையும் வேரும் தெளிவாகத் தெரிந்தன. பழைய ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டோம். ஹோஸ்டாவுக்கு மட்டும் வரும் வைரஸ் ஒன்று செடியின் சாறு வழியாகப் பரவும், மருந்து கிடையாது.

ஒற்றை முளைத் துண்டும் பிழைக்கும், ஆனால் செடியாகத் தெரிய வருடங்கள் ஆகும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று முளையாவது, அதற்கேற்ற வேரும் இருக்கட்டும் என்றேன். பட்டுப்போன நடுப்பகுதியை எறிந்த பிறகு எட்டுத் துண்டுகள் தேறின.

நம் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்கு எது கிடைக்கும் என்று தெரியாது, ஆகவே சரிசமமாகவே பிரிப்பான். மாப்பிள்ளைதான் மூத்தவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நாலு நாலாக இரண்டு குவியல் வைத்தார். ஒரு துண்டை இங்குமங்கும் இரண்டு முறை மாற்றினார். தம்பி ஒன்றும் பேசாமல் இடப்பக்கத்துக் குவியலை எடுத்துக்கொண்டார்.

வேர் காயாமல் இருக்க ஈரச் சாக்கில் சுற்றி, அன்றே நட்டுவிட வேண்டும். முன்பு இருந்த அதே ஆழம், துண்டுக்குத் துண்டு மூன்றடி இடைவெளி, கீழே மக்கு உரம். முதல் கோடை முழுவதும் மண் காயவிடக்கூடாது. ஓடில்லாத நத்தைகளுக்கு இந்தக் குருத்து என்றால் விருந்து, இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்கிப் போட வேண்டும்.

எட்டும் பிழைத்தன. இந்த மே மாதம் அண்ணனும் தம்பியும் இலைக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து மாறி மாறி அனுப்பிக்கொள்கிறார்கள் என்று மகள் சொன்னாள். பழைய அகலத்துக்கு வர இன்னும் நாலைந்து வருடமாவது ஆகும். அதுவரைக்கும் அவர்களுக்குப் பேச விஷயம் இருக்கிறது.