43-க்குப் 10: பின் அச்சு கற்பித்த விகிதப் பாடம்



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. சிகாமட்டில் என் வீட்டு வாயிலில் பழைய டொயோட்டா கொரோலா ஒன்று வந்து நின்றது. கேஇ70 என்று வண்டிப் பிரியர்கள் அழைக்கும் அந்தப் பின்சக்கர இழுவை மகிழுந்தை 1980-களில் நம் தோட்டப்புறங்களில் பார்த்திராதவர் இருக்க முடியாது. இறங்கி வந்த இளைஞன், "ஐயா, என்னை நினைவிருக்கிறதா?" என்று கேட்டான்.

நினைவிருந்தது. அவனைவிட, அவனிடம் நான் சொன்ன ஒரு சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆறாம் ஆண்டில் விகிதப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது விடை தெரியாமல் விழித்தவனை வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "உனக்குக் கணக்கு வராது, ஏதாவது கைத்தொழிலைப் பார்த்துக்கொள்" என்று சொன்னவன் நான். அவனும் அப்படியே தொழிற்கல்லூரிக்குச் சென்று, இன்று ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். வண்டி அவனுடைய அப்பா விட்டுச் சென்றது. மாதந்தோறும் அம்மாவை ஜெமந்தா, தங்காக் வழியாக மூவாருக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதும் அதே வண்டியில்தான்.

இயந்திரத்தை அவனே பிரித்துச் சீர்செய்து, சற்று வேகமாகச் சுழலும்படி மாற்றியிருந்தான். இப்போது பின் அச்சின் பல்சக்கர இணையை மாற்ற எண்ணம். வண்டியில் இருப்பது 3.909. ஒருவர் 4.300 இணை தருவதாகச் சொல்கிறார். நண்பர்களோ 4.556 போடு என்று தூண்டுகிறார்கள். "எதை எடுப்பது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், ஐயா. தப்பாகப் போட்டால் ஆறு மாதச் சேமிப்பு வீண்" என்றான்.

எனக்குச் சாலைப் பந்தயக் கவலை ஒரு பக்கம். கேட்டேன். "ஓட்டம் கலகலப்பாக இருக்க வேண்டும், ஐயா, பந்தயத்திற்கில்லை. அம்மா உட்காருகிற வண்டி" என்றான். அந்த விடை எனக்குப் போதுமானதாக இருந்தது.

"4.556தான் பெரிய எண். அப்படியானால் அதில்தானே வேகம் அதிகம்?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினான். இயந்திரத்திலிருந்து வரும் தண்டின் முனையில் சிறு பல்சக்கரம். அது பின் அச்சிலுள்ள பெரிய வளையச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சிறியதில் 11 பல், பெரியதில் 43 பல் என்றால் 43-ஐ 11-ஆல் வகுக்க 3.909. தண்டு ஏறத்தாழ நான்கு முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். 43-க்குப் 10 என்றால் 4.300. எண் கூடக் கூட இழுவை கூடும். ஆனால், அதே வேகத்திற்கு இயந்திரம் அதிகமாகச் சுழல வேண்டும். குதிரைத்திறன் ஒன்றுகூடக் கூடுவதில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுகிறோம், அவ்வளவுதான்.

பெரிய எண்ணே சிறந்தது என்று மதிப்பெண் தாளில் பழகிய என் மூளைக்கு அது நல்ல பாடம்.

தாளும் எழுதுகோலும் எடுத்து இருவரும் அமர்ந்தோம். அவன் வண்டியின் சக்கர உறை 185/60 ஆர்13. உலோக வளையத்தின் விட்டம் 13 அங்குலம். உறையின் உயரம் 185 மில்லிமீட்டரில் 60 விழுக்காடு. கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 552 மில்லிமீட்டர், சுற்றளவு 1.735 மீட்டர். கூட்டரசுச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சக்கரம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 865 முறை சுழலும். வண்டியில் இருப்பது நான்கு கியர் பெட்டி. அதன் நான்காவது கியர் நேரடி இணைப்பு, அதாவது ஒன்றுக்கு ஒன்று. ஆகவே 3.909-இல் இயந்திரம் நிமிடத்திற்குச் சுமார் 3,380 முறை சுழலும். 4.300-இல் 3,720. 4.556-இல் 3,940.

"4.556 வேண்டாம்" என்று அவனே கோடிட்டு அடித்தான். "மூவார் வரைக்கும் இந்த இரைச்சலில் அம்மாவால் உட்கார முடியாது. பெட்ரோலும் கூடும்."

பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். "43 என்று ஏன் இப்படி ஒரு கரடுமுரடான எண், ஐயா? 40-க்குப் 10 என்று வைத்தால் கணக்கு எளிதுதானே?"

இது என் பக்கத்துப் பாடம். 43 ஒரு பகா எண். 40-க்குப் 10 என்றால் சிறு சக்கரத்தின் ஒரு பல், பெரியதன் அதே நான்கு பற்களையே எப்போதும் சந்திக்கும். ஒரு பல்லில் குறையிருந்தால் அந்த நான்கும் தேயும். 43-க்கும் 10-க்கும் மீச்சிறு பொது மடங்கு 430. சிறு சக்கரம் 43 சுற்றுச் சுற்றினால்தான் அதே இரு பற்கள் மீண்டும் சந்திக்கும். அதற்குள் ஒவ்வொரு பல்லும் மற்ற எல்லாப் பற்களையும் தொட்டுவிடும். தேய்மானம் சமமாகப் பங்கிடப்படும். இதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மீச்சிறு பொது மடங்கை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய நான், அது எதற்குப் பயன்படும் என்று ஒரு மாணவனுக்குச் சொன்னது அன்றுதான் முதன்முறை.

முடிவுக்கு வந்தவனும் அவனே. சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, ஐந்து கியர் பெட்டி ஒன்று பட்டறையில் கிடக்கிறது. அதன் ஐந்தாவது கியர் 0.86. 4.300-ஐ 0.86-ஆல் பெருக்கினால்?" என்றான். 3.698. இப்போதிருக்கும் 3.909-ஐவிடக் குறைவு! அதாவது, புறப்படும்போதும் மேடேறும்போதும் பின் அச்சில் 10 விழுக்காடு கூடுதல் இழுவை. 90-இல் ஓடும்போதோ இயந்திரம் 3,200 சுழற்சியில், முன்னைவிட அமைதியாக இருக்கும். "முதலில் பெட்டி, பிறகு பல்சக்கரம்" என்று வரிசையையும் அவனே வகுத்தான். பெட்டியிலிருந்து இயங்கும் வேகமானி அதன்பின் 10 விழுக்காடு கூட்டிக் காட்டும் என்பதையும், 90-இல் போனால் 99 என்று சொல்லும் என்பதையும், அதையும் திருத்த வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டான். பற்களுக்கிடையே விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்கக்கூடாதாம். ஆகையால் அதைப் பொருத்தும் வேலையை மட்டும் தன் முதலாளியின் மேற்பார்வையில் செய்யப்போவதாகச் சொன்னான்.

கணக்கு வராது என்று நான் முத்திரை குத்திய பிள்ளை இவன்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "தம்பி, அன்று வகுப்பில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவன் தலைகுனிந்து, "அதை நான் மறக்கவில்லை, ஐயா. ஆனாலும் கணக்கு என்றதும் உங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது" என்றான். மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை.

பள்ளி திறந்ததும் பட்டறையிலிருந்து இரண்டு பழைய மோட்டார் சைக்கிள் பல்சக்கரங்களை வாங்கி வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். முன்னது 14 பல், பின்னது 42 பல். "பெரியது ஒரு சுற்றுச் சுற்றச் சிறியது எத்தனை சுற்று?" என்று கேட்டேன். முதலில் எழுந்தது எப்போதும் கடைசி வரிசையில் அமரும் ஒரு பையன். அவன் எண்ணவில்லை; கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு "மூன்று" என்றான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மோட்டார் சைக்கிளைப் பிரித்துப்போட்டு எண்ணெய்க் கையோடு வந்து நின்றால், திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எத்தனை பல்?" ஆசிரிய நண்பர்களே, "உனக்கு வராது" என்ற சொல் நம் வாயில் வரும் முன் ஒரு கணம் பொறுப்போம். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் வண்டியின் ஓட்டமே மாறிவிடுகிறது. நம் ஒரு சொல்லும் அப்படித்தான்.