மச்சினனும் நாலு பிஸ்டன் காலிப்பரும்

"மாமா, பிரேக்குக்கு ரெண்டு லட்சம் ஒதுக்கி வச்சிருக்கேன். எந்த கிட்டு வாங்கலாம்?"

தங்கமணியோட தம்பி போன மாசம் போன் பண்ணிக் கேட்ட கேள்வி இது. என்னை ஏன் கேட்டான்னா, நான் பாடியில் ஒரு பிரேக் லைனிங் கம்பெனியில் ஏழு வருஷம் ஆணி புடுங்கினவன். வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாத சமாச்சாரம் ஒண்ணு: இந்தியா பிரேக் அடிச்சு நிக்கிறதுக்கு நம்ம சென்னைதான் பெரிய காரணம். 1962-ல் ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே பிரேக் லைனிங்னு எல்லாம் பாடி, அம்பத்தூர் பக்கத்துப் பேருங்க. வேகமா ஓட்டுறதுக்கு இந்த ஊர்ல ரோடு இல்லாட்டியும், நிறுத்துற சாமான் நிறைய இருக்கு :-)

வண்டி, பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரை. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்ங்கிறானேன்னு போர்ஷே வச்சிருக்கிறவர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நம்ம ஊர்ல சம்பளக்காரன் டிராக்குக்கு எடுத்துட்டு வர்றது இந்த மாதிரி வண்டிங்கதான். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓடிச்சே, அதைப் பார்த்துட்டு வந்ததிலிருந்து இவனுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டேன்னு சொன்னா முதல் ஆளா பணம் கட்டிடுவான்.

அந்த டிராக்கைப் பத்தி ரெண்டு வரி. எங்க பெரியப்பா காலத்தில் ரேஸ்னா சோழவரம், உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டை. ஒரு சுத்து 3.717 கி.மீ., 12 வளைவு. பெங்களூர் ஹைவேயில் போனா ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிற அதே ஏரியா.

இங்கேதான் சிக்கல். ஞாயித்துக்கிழமை டிராக்கில் சுத்துற இதே வண்டிதான் செவ்வாயும் வெள்ளியும் காலைல ஆறு மணிக்கு எங்க அத்தையை, அதாவது மாமியாரை, தி.நகர்லேர்ந்து அடையாறுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி. வெங்கட்நாராயணா ரோடு, நந்தனம் சிக்னல், கோட்டூர்புரம் பாலம். அந்த நேரத்தில் ரோடு காலியா இருக்கிற மாதிரி இருக்கும், திடீர்னு பால் வண்டி ஒண்ணு சந்திலேர்ந்து மூக்கை நீட்டும். அத்தைக்கு சீட் பெல்ட் போட்டாலே கையில் ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் படக்கூடாதுன்னு ஒரு துண்டை மடிச்சு வச்சிட்டு உட்காருவாங்க. அந்த வண்டிக்கு, ராத்திரி பூரா ஆறிப்போய் நிக்கிற பிரேக் முதல் மிதியிலேயே பிடிக்கணும்.

ஸோ, கேள்வியையே மாத்திக் கேட்டாகணும். எந்த கிட்டுங்கிறது அப்புறம். டிராக்கில் பிரேக்குக்கு என்னதான் கஷ்டம்?

சூடு. வேற ஒண்ணுமில்ல.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆளோட சேர்த்து வண்டி 1,200 கிலோன்னு வைங்க. 140 கி.மீ. வேகத்தில் வந்து வளைவுக்கு முன்னாடி 70-க்கு இறக்கினா, சுமார் 680 கிலோ ஜூல் சக்தியை எங்கேயாவது தள்ளணும். இஞ்சினும் காத்தும் கொஞ்சம் வாங்கிக்கும், விடுங்க. மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகும். ரெண்டேகால் லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. ஒரே மிதியில், நாலைஞ்சு செகண்டுக்குள்ள! நந்தனம் சிக்னல்ல 60-லிருந்து நிறுத்தினா இதுல கால்வாசிதான். முன் டிஸ்க் ஒண்ணு 5 கிலோன்னு வச்சு, பெரும்பகுதி வேலையை முன்னாடிதான் செய்யுதுன்னு சேர்த்துப் பார்த்தா, ஒவ்வொரு பலமான மிதிக்கும் டிஸ்க் கிட்டத்தட்ட நூறு டிகிரி ஏறும். ஆறுறதுக்குள்ள அடுத்த வளைவு. இப்படியே கால் மணி நேரம்.

1953 லெ மான் 24 மணி நேரப் போட்டியில் ஜாகுவார் சி-டைப் ஜெயிச்சதுக்கு டிஸ்க் பிரேக் பெரிய காரணம்னு சொல்வாங்க. டிரம் பிரேக் ஒரு தடவை நிறுத்துறதுல ஒண்ணும் மோசமில்லை. மறுபடி மறுபடி அடிக்கிறப்போதான் சூட்டுல மயக்கம் போட்டுடும்.

சூடு ஏறினா பிரேக் ரெண்டு விதமா கைவிடும். காலுக்குத் தெரியிற வித்தியாசம் இது, டிராக்குக்குப் போறவங்க மனப்பாடம் பண்ணிக்கணும். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குதுன்னா பேட் அவுட். பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி உள்ளே போய்க்கிட்டே இருந்தா, பிரேக் ஆயில் கொதிச்சு ஆவிக்குமிழி வந்துடுச்சு. ரெண்டாவதுதான் பயங்கரம். முதல்லயாவது கொஞ்சம் பிடிப்பு மிச்சம் இருக்கும்.

இந்த பிரேக் ஆயில்ங்கிறது (எண்ணெயே கிடையாது, கிளைகால் வகையறா) ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 4 புதுசா இருக்கிறப்போ குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் தாங்கணும்னு விதி. ஈரம் இறங்கிட்டா 155 தாங்கினாப் போதும்னு அதே விதி சொல்லுது. டாட் 5.1-க்கு 260, 180. ரேஸுக்குன்னு விக்கிறது புதுசுல 300-ஐத் தாண்டும். அதுவும் ஈரம் குடிக்கிற ஜாதிதான். நம்ம ஊர் கடற்காத்துல ரெண்டு மூணு வருஷம் மாத்தாம வச்ச ஆயிலோட டிராக்குல இறங்கினா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. வெறும் டாட் 5-ன்னு ஒண்ணு இருக்கு, அது சிலிகான், இதோட கலக்கவே கூடாது. 5.1-க்கும் 5-க்கும் பேர்ல பாயிண்ட் ஒண்ணுதான் வித்தியாசம். எவன் வச்ச பேரோ!

இவ்வளவையும் மச்சினன்கிட்ட சொன்னேன். "சரி மாமா, அதுக்குத்தானே பெரிய டிஸ்க்கு?"ன்னான். கேள்வியில் நியாயம் இல்லாம இல்ல. பெரிய டிஸ்க் நிறைய சூட்டைத் தாங்கும். 300 குதிரை வண்டியா இருந்தா நானே வாங்கச் சொல்லுவேன். இது 105 குதிரை, ஒரு செஷன் கால் மணி நேரம். அவன் பார்த்து வச்ச கிட் அவனோட 15 இன்ச் வீலுக்குள்ள நுழையாது. அப்போ வீல், டயர்னு இன்னொரு லட்சம். முன்னாடி மட்டும் ஏகத்துக்குப் பலம் கூடினா பின் டிரம் வேடிக்கை பார்க்கும், கம்பெனி போட்டு வச்ச முன்-பின் கணக்கு கெட்டுப்போகும்.

நம்பிக்கையில்லாமத்தான் தலையாட்டினான். மந்தைவெளியில் நம்ம மெக்கானிக் அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, அழுத்தி மிதிச்சா ஏபிஎஸ் கடகடன்னு காலை உதறுதா?"

"உதறுதுண்ணே."

"அப்ப பிரேக்குல பலம் இருக்குதுபா. டயரு கையை விரிச்சிருச்சு, அதான் ஏபிஎஸ் வேலை செய்யுது. நீ எத்தினி பெரிய காலிப்பர் மாட்னாலும் அதே எடத்துலதான் நிக்கும்."

ஏழு வருஷம் லேபில் நான் கத்துக்கிட்டதை மனுஷன் கால் நிமிஷத்தில் சொல்லிட்டார். மச்சினன் கடைசி அம்பை விட்டான்: "அலாய் இடுக்குல சிவப்பா தெரிஞ்சா கெத்தா இருக்கும்ணே." அண்ணன் அசராம, "அதுக்கு பெயின்ட் டப்பா இருக்கு"ன்னார்.

வாங்கினது இவ்வளவுதான். ரேஸ் ஆயில் ரெண்டு பாட்டில், டிராக் டேக்கு முந்தின வாரம் மாத்த. பாதி உபயோகிச்ச பாட்டிலை மூடி வச்சு அடுத்த வருஷம் ஊத்தற வேலை வேண்டாம். கம்பெனி அளவிலேயே புது டிஸ்க் ஒரு ஜோடி, ஓட்டை போடாதது. ஓட்டை போட்டது பார்க்க அழகா இருக்கும், டிராக் சூட்டுல ஓட்டையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். ரப்பர் ஹோஸ் பழசாயிட்டதால ஸ்டீல் பின்னல் போட்டது. இது அவசியம்னு சொல்ல மாட்டேன், பெடல் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். டிராக்குக்குன்னு ஒரு செட் பேட். சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனோம். அங்கே எல்லாமே கிடைக்கும், டூப்ளிகேட்டும் சேர்த்து. பில்லு தராத கடையில் பிரேக் சாமான் வாங்காதீங்க.

பேட் விஷயத்தில்தான் எனக்கும் அவனுக்கும் சண்டை. ரெண்டுக்கும் பொதுவா ஒரே பேட் போட்டுக்கலாம்ங்கிறான். அப்படியும் விக்கிறாங்க, தனி ஆளா இருந்தா நானும் சரின்னிருப்பேன். ஆனா டிராக் பேட் சூடேறினாத்தான் நல்லா கடிக்கும். ஆறிக் கிடக்கிறப்போ சோம்பேறி, கீச் கீச்னு கத்தும். காலைல ஆறு மணிக்கு கோட்டூர்புரம் பாலத்துல அதை எப்படி நம்புறது? பக்கத்து சீட்ல யார் உட்காருவாங்கன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, ரெண்டு செட்"ன்னான்.

மாத்துறது பெரிய வித்தையில்ல. ஜாக்கி, ஸ்டாண்டு, 7 எம்எம் ஆலன் சாவி. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்றப்போ மேலே டப்பாவில் ஆயில் ஏறி வழியும், வழிஞ்சா பெயின்ட்டைத் தின்னுடும், துணி போட்டு வைக்கணும். வேலை முடிஞ்சதும் வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடியே பெடலை நாலைஞ்சு தடவை மிதிச்சு கெட்டி பண்ணிக்கணும். அப்புறம் நடுத்தர வேகத்தில் பத்து தடவை மெதுமெதுவா பிரேக் பிடிச்சு, பேட்டும் டிஸ்க்கும் பழகினப்புறம்தான் நம்பலாம்.

ஒரு முக்கியமான விஷயம். சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸ், வேகப் பரிசோதனை இதெல்லாம் சேராதுன்னு எழுதியே இருக்கும். டிராக்கில் முட்டினா செலவு நம்மளது. அத்தைக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க.

போன ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை. நாலு செஷன், நாலாவதுலயும் பெடல் முதல் செஷன் மாதிரியே இருந்துச்சுன்னான். ஒவ்வொரு தடவையும் கடைசி ஒரு சுத்து பிரேக்கே தொடாம ஓட்டி ஆற வச்சான். நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடல, டயருக்குக் கட்டை வச்சான். சொல்லிக் கொடுத்ததை ஒழுங்கா செஞ்சான், பரவாயில்ல. திங்கட்கிழமை ராத்திரி தி.நகர் ஃப்ளாட்டு பார்க்கிங்ல வாட்ச்மேன் டார்ச் பிடிக்க பேட் மாத்தினோம், பெசன்ட் நகர் வரைக்கும் போய் பழக்கிட்டு வந்தோம்.

மொத்தச் செலவு அவன் ஒதுக்கினதுல கால்வாசியைத் தொடல. மிச்சத்துல நல்ல டயர் வாங்கச் சொல்லியிருக்கேன். அவன் "சஸ்பென்ஷன்..."னு இழுத்தான். தங்கமணி போனைப் பிடுங்கி வச்சிட்டாங்க.