போஸ்ட் கார்டில் ஒரு பாஸ்வேர்டு!

உங்க ஏ.டி.எம். ரகசிய எண்ணை போஸ்ட் கார்டுல எழுதி யாருக்காவது அனுப்புவீங்களா? 'எனக்கென்ன பைத்தியமா?'ன்னுதானே கேக்கறீங்க! நான் கிட்டத்தட்ட அதைத்தான் செஞ்சேன். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை... முழுசா மூணு மாசம்!

2006. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக சென்னையில ஒரு சின்ன கம்பெனிக்குப் போய்க்கிட்டிருந்தேன். சர்வர் இருந்தது கீழே. நான் மூணாவது மாடியில உட்கார்ந்துக்கிட்டே 'டெல்நெட்' வழியா அதுக்குள்ள போயிடுவேன். பெரிய ஹீரோ மாதிரி ஒரு நினைப்பு!

ஒருநாள் அங்கே இருந்த சீனியர், "இப்ப லாகின் பண்ணுப்பா" என்றார். பண்ணினேன். என் பாஸ்வேர்டு எழுத்து எழுத்தா அவர் மானிட்டர்ல வந்து நின்னுச்சு. கூடவே சுத்தி ஆறேழு பேர். அது என் கிளாஸ் பொண்ணு ஒருத்தியோட பேர். சிரிக்காதீங்க... என் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான்!

விஷயம் இதுதான். டெல்நெட் எதையும் மறைக்காது. நீங்க தட்டுறது அப்படியே வயர்ல போகும். அங்கே எல்லா கம்ப்யூட்டரும் ஒரே 'ஹப்'பில் இருந்ததால், யார் வேணும்னாலும் படிக்கலாம்.

சீனியர் திட்டலை. மூணே கேள்வி கேட்டார். "இது திருடு போனா என்ன நஷ்டம்? போக எவ்வளவு வாய்ப்பு? தடுக்க என்ன செலவு?"

சர்வர்ல எல்லாருடைய சம்பளக் கணக்கும் இருந்தது. வாய்ப்பு... கண்ணெதிரே பார்த்தாச்சு. செலவு? பைசா கிடையாது! 'ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச்.' இலவசம். பாஸ்வேர்டு உட்பட எல்லாத்தையும் சங்கேதமாக்கித்தான் அனுப்பும். சாயங்காலமே மாறிட்டோம்.

இந்த எஸ்.எஸ்.ஹெச். பிறந்ததே ஒரு கேம்பஸ்லதான். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருட, அங்கிருந்த டாட்டு யுலோனன் எழுதியது இது.

கடைசி நாள். சீனியர் என்னைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டே என் அக்கவுன்ட்டை அழிச்சார். மனசு வலிச்சது. "என்னை நம்பலையா சார்?"

"உன்னை நம்பறேன். நீ போன பிறகும் திறந்தே கிடக்கிற கதவைத்தான் நம்பலை."

அது புரிய எனக்கு 2021 வரை ஆச்சு. அந்த வருஷம் மே மாசம், அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் கம்பெனிக்குள்ள திருடர்கள் நுழைஞ்சாங்க. யாரும் பயன்படுத்தாத, ஆனா மூடாமல் விட்ட ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியா! அதுல பாஸ்வேர்டு தவிர இரண்டாவது பூட்டு கிடையாது. எரிபொருள் குழாயையே கம்பெனி நாள்கணக்கில் நிறுத்த வேண்டியதாச்சு. கொடுத்த பணம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். பாதை எவ்வளவு பத்திரமா இருந்தாலும், சாவி திருடன் கையில இருந்தா என்ன பிரயோஜனம்?

இன்னிக்கு ஒரு வேலை செய்யுங்க. நீங்க மறந்துபோன பழைய கணக்குகளையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, ஒவ்வொண்ணா மூடுங்க.

பேரை மட்டும் எழுதுங்க பாஸ்... பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதிடாதீங்க!