படியெடுத்த மதில்

பிறர் கதையை எடுத்தாள்வது குற்றமன்று. ஊர்விட்டு ஊர் சென்ற கதைகளாலேயே உலக இலக்கியம் செழித்தது. ஆயினும், கதையை எடுத்துக்கொண்டு அக்கதை பிறக்கக் காரணமான துயரத்தை விட்டுவிட்டால் எஞ்சுவது என்ன? இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியவை இரண்டு திரைப்படங்கள். திரைப்படம் பார்ப்பதில் பெருவிருப்பம் இல்லாத நான் அவற்றைப் பார்க்க நேர்ந்த வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன்.

எங்கள் ஊர் காரைக்கால். 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் புதுவைப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபொழுது, விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ள ஆறு மாதத் தவணை தரப்பட்டது. எங்கள் வாப்பா அதைத் தெரிந்துகொண்டார்கள். பின்னாளில் என் நானா பாரிசுக்குக் குடிபெயர்ந்தார்கள். நான் உம்மாவுக்குத் துணையாக ஊரிலேயே தங்கிவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் நானாவைக் காணச் சென்றிருந்தேன். அவர்கள் வாழ்வது பாரிசின் வடகிழக்கே உள்ள சேன்-சான்-தெனி மாவட்டத்தில். அம்மாவட்டத்தின் எண் 93. அஞ்சல் குறியீடும் அவ்வெண்ணிலேயே தொடங்கும். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் உழைக்க வந்தோரின் குடும்பங்கள் நிறைந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் அங்கே மிகுதி. நானாவின் மகன் பொறியியல் கற்றவன். வேலைக்கு விண்ணப்பம் எழுதி எழுதிக் கை சலித்திருந்தான். ஒருநாள் இரவு அவன், "சாச்சா, எங்கள் பகுதியைப் பற்றிய படம் ஒன்று காட்டுகிறேன்" என்று அழைத்தான்.

அப்படம் 2004இல் வெளிவந்த "பான்லியூ 13". பான்லியூ என்றால் புறநகர். பியர் மோரெல் இயக்கியது; லுக் பெசோனும் பீபி நசேரியும் எழுதியது. கதை நிகழ்வதாகக் காட்டப்படும் ஆண்டு 2010. பாரிசின் புறநகர் ஒன்றை அரசு மதில் எழுப்பி அடைத்துவிடுகிறது. உள்ளே பள்ளியில்லை, காவல் நிலையமும் மூடப்படுகிறது. அங்கே ஒரு குண்டு சிக்கிக்கொண்டதாகச் சொல்லி, அதைச் செயலிழக்கச் செய்யும் குறியீடு என்று ஓர் எண்ணையும் தந்து ஒரு காவலரை அனுப்புகிறார்கள். உண்மையில் அக்குறியீடு குண்டை வெடிக்கச் செய்வது. அப்பகுதி மக்களைத் துடைத்தெறிய எண்ணியது அரசே என்பது கதையின் முடிச்சு.

படத்தில் ஓடியும் தாவியும் நம்மை வியக்க வைப்பவர் தாவித் பெல். "பார்க்கூர்" எனும் தாவற்கலையை உலகறியச் செய்தவர். அவர் தந்தை ரேமோன் பெல் வியட்நாமில் பிறந்து, படைத்துறைச் சிறுவர் பள்ளியில் வளர்ந்து, பாரிசில் தீயணைப்பு வீரராக விளங்கியவர். ஆபத்திலிருந்து தப்பவும் பிறரைக் காக்கவும் அவர் பயின்ற பயிற்சியே மகனிடம் கலையாயிற்று. எனவே அந்தத் தாவல் வெறும் வித்தையன்று. அடைபட்டவன் வழி தேடும் முயற்சி.

படம் வந்து ஓராண்டுக்குள், 2005 அக்டோபர் 27ஆம் நாள், அதே 93ஆம் மாவட்டத்துக் கிளிஷி-சூ-புவாவில் காவலருக்கு அஞ்சி மின்நிலையத்துக்குள் ஒளிந்த சிறுவர் இருவர் மின்சாரம் தாக்கி மாண்டனர். மூன்று வாரங்கள் நாடெங்கும் கலவரம் மூண்டது. கற்பனை மதிலுக்குப் பின்னால் மெய்யான மதில் ஒன்று இருந்தது என்பதை உலகம் அப்போதுதான் கண்டது.

மறுநாள் இரவு அதே கதையை அமெரிக்க மண்ணுக்கு மாற்றி எடுத்த "பிரிக் மேன்ஷன்ஸ்" படத்தைக் கண்டோம். 2014இல் வந்தது. இடம் டெட்ராய்ட் நகரம். இதிலும் தாவித் பெல் தாவுகிறார். ஆனால் தாவலை நாம் காண முடியவில்லை. மோரெல் ஒளிப்பதிவாளராக இருந்தவர்; ஆதலால் ஒரு மனிதன் கிளம்பி, பறந்து, கால் ஊன்றும் வரை நம்மைப் பார்க்க விட்டார். இப்படத்தை இயக்கிய கமீல் தெலாமார் படத்தொகுப்பாளராக இருந்தவர். ஒவ்வொரு தாவலையும் பல துண்டாக நறுக்கிவிட்டார். மூலப்படத்தில் தன் ஆட்களாலேயே மாளும் போதைப்பொருள் தலைவன், இங்கே நல்லவனாகி நகரத் தலைவர் தேர்தலில் நிற்கிறான்! படம் வெளிவருமுன் 2013 நவம்பரில் விபத்தில் மறைந்த பால் வாக்கர் இதில் நன்றாகவே நடித்திருக்கிறார். குறை அவருடையதன்று.

பெருங்குறை வேறு. டெட்ராய்ட்டில் மெய்யாகவே ஒரு மதில் உண்டு. 1941இல், வெள்ளையருக்கென வீடு கட்ட முனைந்த ஒருவர், அரசின் கடனுறுதி கிடைக்கும்பொருட்டு, அருகில் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிரித்து ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது. பாரிசு மதிலை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுசென்றவர்கள், அந்நகரத்து மதிலை ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூலத்தையும் விஞ்சிய படம் ஒன்று கிடைத்திருக்கக் கூடும்.

படம் முடிந்ததும் நானாவின் மகன் சிரித்தான். "இவர்கள் கதையின் முகவரியை மாற்றிவிட்டார்கள் சாச்சா. நானும் அதைத்தான் செய்கிறேன்" என்றான். எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான். 93 என்று எழுதிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வருவதில்லை என்று கண்டு, பாரிசு நகருக்குள் வாழும் நண்பன் ஒருவனின் முகவரியைச் சில மாதங்களாக எழுதி வந்தானாம். நானா தலை கவிழ்ந்திருந்தார்கள். நாற்பதாண்டுகள் அந்நாட்டில் உழைத்தவர்கள் தம் வீட்டு முகவரியை மகன் மறைப்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசினேன். அவன் மீண்டும் சொந்த முகவரியையே எழுதத் தொடங்கியிருந்தான்.

"பதில் வந்ததா தம்பி?"

"இன்னும் இல்லை சாச்சா. ஆனால் இனி மாற்றி எழுதமாட்டேன். வாப்பா அன்று தலை கவிழ்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை."