புகை படிந்த கூடத்தில் ஒரு தெருச்சுவர்

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் பழைய வீட்டுச் சுவர் எதுவானாலும் முதலில் புகையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். மலைப்பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாக முடிந்து, கூரைக்கடியில் கம்பில் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படும்படி வைப்பது இந்த ஊர் வழக்கம். புகையேறிய பூண்டு மாதக்கணக்கில் கெடாது. ஆனால் அதே புகை சுவரிலும் ஏறிவிடுகிறது.

“இதுமேல நேரா எமல்ஷன் அடிச்சா நாலு நாள்ல பழுப்புப் பழுப்பா கசிஞ்சு வந்துரும் தம்பி. சோப்புத்தண்ணி போட்டுக் கழுவி, காயவிட்டு, ஆயில் பிரைமர் ஒரு கோட்டு. அப்புறம் பட்டி பாத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கணும். படம் வரையிறது கடைசி வேலைதான்” என்றார் ஓவியர். வத்தலக்குண்டுக்காரர். அறுபதை நெருங்கும் வயது. உடன் அவருடைய அக்கா மகன் உதவிக்கு வந்திருந்தான்.

குழந்தை வேலப்பர் கோயிலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு காலத்தில் பூண்டு தொங்கிய கூடம் அது. இப்போது சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்காக மாறிக்கொண்டிருக்கிறது. நகரங்களில் தெருச்சுவர்களில் வரைகிறார்களே, அதுபோல இந்த அறைக்குள் வேண்டும் என்பது வீட்டுக்காரரின் விருப்பம். வெளிச்சுவரில் வரையலாமே என்று கேட்டேன். ஓவியர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். போன வருடம் வெள்ளையடித்த சுவர். முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் கொப்புளித்து உரிந்திருந்தது. அதற்கு மேலே பச்சையாய்ப் பாசி. ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆண்டில் பாதி நாள் இறங்கி நிற்கும் மஞ்சும் சேர்ந்தால், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் வெளிச்சுவர் ஓவியத்துக்கு ஆயுசு குறைவு. மலையில் தெரு ஓவியம் வீட்டுக்குள் வருவதற்கு ஈரமே காரணமாகிவிடுகிறது.

வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீலப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு பேரும் இரு முனையில் இழுத்துப் பிடிக்க, நடுவில் அவர் சுண்டிவிட்டார். சுவரில் வெட்டினாற்போல ஒரு கோடு. இப்படியே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் விழுந்தது. கையிலிருந்த சின்னப் படத்திலும் பென்சிலால் அதே கட்டங்கள். படத்தில் ஒரு கட்டத்துக்குள் எந்த வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, சுவரிலும் அந்தக் கட்டத்தில் அப்படியே வர வேண்டும். ஆள் உயரத்துக்கு ஐந்தாறு மடங்கு பெரிய கதாநாயகன் முகத்தைச் சினிமா பேனரில் கொண்டுவந்ததும் இந்தக் கட்டங்கள்தான். மதுரையில் ஒரு பேனர் பட்டறையில் பதினாறு வயதில் சேர்ந்தாராம். முதல் இரண்டு வருடம் பிரஷ் கழுவுவதும் கட்டம் போடுவதும் மட்டுமே வேலை. கண்ணும் உதடும் வரைய ஆசான் விட்டது அதற்கும் வெகுகாலம் கழித்து.

மஞ்சை அவர் வரைந்த விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். படிப்படியாக இறங்கும் தோட்டங்களுக்கு முதலில் அழுத்தமான பச்சையும் செம்மண் நிறமும் கொடுத்து முடித்தார். ஏன் இவ்வளவு துல்லியமாக வரைகிறார், எப்படியும் மறையப்போகிறதே என்று தோன்றியது. அது காய்ந்த பிறகு, வெள்ளையில் ஸ்டெயினர் நீலத்தை ஒரு சொட்டு விட்டுத் தண்ணீராய்க் கரைத்து, ஸ்பாஞ்சில் தொட்டு, தொட்டதில் பெரும்பகுதியைப் பழைய துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, சுவரில் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். தோட்டத்தின் மேல்படிகள் ஒவ்வொன்றாக மங்கின. “அடியில கோடு சரியா இருந்தாத்தான் மேல மஞ்சு மஞ்சா தெரியும். இல்லேன்னா அழுக்காத் தெரியும்” என்றார்.

இவ்வளவு தெரிந்த கைக்குப் பிளெக்ஸ் வந்த பிறகு வேலை இல்லாமல் போனது. சிமென்ட் விளம்பரம், தேர்தல் சின்னம், பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் என்று நாட்கள் ஓடியிருக்கின்றன. 2009-10 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகளில் சுவரொட்டிகளைத் தடுத்து, அந்தச் சுவர்களில் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டப் பேனர் ஓவியர்களை அழைத்தது. அவருடைய கூட்டாளிகள் சிலர் போனார்களாம். அதற்குப் பத்தாண்டு கழித்து, 2020-இல், சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தபோது, நாளிதழ்கள் ஓவியர்களின் பெயரைப் போட்டு எழுதின. ஒரே ஊர், ஒரே மாதிரிச் சுவர். முதல் வேலையைச் செய்தவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரு ஓவியத்தைக் கூரைக்குக் கீழே நான் முதன்முதலாகப் பார்த்தது மும்பையில், இதே அறக்கட்டளை 2017 நவம்பர், டிசம்பரில் கொலாபாவின் சசூன் துறைமுகத்தில் நடத்திய கண்காட்சியில். 1875-இல் கட்டிய அந்தத் துறைமுகத்தில் இன்றும் மீன் இறங்குகிறது. நுழைவதற்கு முன்பே வீச்சம் முகத்தில் அடிக்கும். பழைய கிடங்கு அறைகளுக்குள் ஓவியங்கள். சிங்கப்பூர் ஓவியர் டான் ஸி ஸி பிளாஸ்டிக் குப்பையைத் தலைக்கு மேலே கடலாகத் தொங்கவிட்டிருந்தார். மும்பை ஓவியர் சமீர் குலாவூர் அந்த மீன் வீச்சத்தையே தம் படைப்புக்குப் பொருளாக்கியிருந்தார். துறைமுகத்தில் உழைக்கும் கோலி மக்களின் முகங்கள் பெரிய கறுப்பு வெள்ளைப் படங்களாகச் சுவரில் இருந்தன. மீன் கூடையோடு சிலர் அந்தப் பக்கமே நடந்து போனார்கள். அங்கே தெரு உள்ளே வந்தபோது தெருவின் ஆட்களும் கூட வந்தார்கள். அந்தக் கண்காட்சி என் மனதில் நிற்பது அதனால்தான்.

பூம்பாறை அறையில் வீட்டுக்காரர் கேட்டிருந்தது தோட்டமும், ஓட்டு வீடுகளும், ஓரத்தில் குறிஞ்சியும். குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். வருகிற எல்லோருக்கும் பூவைக் காட்டிவிடலாம் என்பது நியாயமான ஆசை. ஆனால் ஆள் ஒருவரும் இல்லை. கொடைக்கானலிலிருந்து 18 கிலோமீட்டர் வந்து, மேலே சாலை வளைவில் நின்று எடுக்கிற படங்களிலும் இப்படித்தான். தோட்டம் இருக்கும், களையெடுக்கிறவர் இருக்கமாட்டார். ஓவியரே கேட்டு வாங்கி, மூன்றாவது படியில் பூண்டுக்கட்டு சுமந்த ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, “தலச்சும்மாடு இம்புட்டுப் பெருசா இருக்காதுப்பா” என்று சொல்ல, ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்துத் திருத்தினார்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை பெயர். தெருச்சுவரில் எழுதினால் கீழ் மூலையில் பெயரும் ஊரும் போன் நம்பரும் போட்டுக்கொள்ளலாம். வழியில் போகிறவர்கள் பார்த்து அடுத்த வேலைக்குக் கூப்பிடுவார்கள். அறைக்குள் அது அழகைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். “கூலி பேசுனபடி குடுத்துர்றாங்க தம்பி, குத்தம் சொல்ல முடியாது. ஆனா படத்த ஆயிரம் பேரு போட்டோ எடுத்துப் போடுவாங்க. யார் வரைஞ்சான்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”

எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. தெருவை விட்டு உள்ளே வந்ததில் அந்தக் கைகள் இழந்தது இந்த மூலையைத்தான். மாலையில் வீட்டுக்காரரிடம் பேசினேன். சசூன் துறைமுகத்தில் ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் பெயர் இருந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர்; யோசித்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே போடச் சொன்னார்.

“எத்தன இஞ்சு மாமா?” என்று பையன் ஸ்கேலை எடுத்தான்.

“ஒன்றரை போதும். எனாமல்ல எழுது, தொடச்சாலும் போகாது. நம்பர் உன்னுதப் போடு. கவுஞ்சி ஊரு வேலைக்கு இனிமே நீதான போகப் போற.”